என் கையடி பழகிய மோட்டார்

சுலோச்சனாவுக்கு, மலைமேல் ஜெகதளாவிலிருந்து உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல ஆபீஸ் பிலோமி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு புது மோட்டார் செய்கிறார்கள். அதன் தண்டு எதையும் தொடாமல், காந்தத்தின் பலத்தில் அந்தரத்தில் நின்று சுற்றும். தண்டு ஆட்டம் கண்டால் கம்ப்யூட்டர் பிடித்து நிலைக்கு நிறுத்த வேண்டும். அதைப் பழக்கத்தான் என்னை ரப்பர் சுத்தியலால் தட்டி ஆட்டச் சொன்னார்கள். மூன்று மாதம் தட்டினேன். இப்போது நான் எப்படித் தட்டினாலும் அசையாது. திங்கட்கிழமை இன்ஜினியர் பிராங்ளின் தட்டினார். தண்டு தடதடவென்று ஆடி, உரசி நின்றுவிட்டது.

"பெரியவரே, இது உங்க கையை மட்டும் மனப்பாடம் பண்ணிருச்சுங்க. இனி வேற ஆளுங்க தட்டோணும்," என்றார்.

"அது நல்லாப் படிச்சதுக்கு வாத்தியாரை வெளிய அனுப்பறீங்களாக்கும்," என்றேன். சிரித்தார். சனிக்கிழமையோடு வேலை இல்லை.

முப்பது வருஷம் உழைத்த மில்லில் என் பேர்கூட எவனுக்கும் தெரியாது. இது மூணே மாசத்தில் என் கையைத் தெரிந்துகொண்டது. அதுவே என் குற்றமாகிவிட்டது.

கம்பளி அனுப்பாதே. தோளுக்குத் தைலம் வாங்கி வை. பிலோமி பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். ஒன்று மட்டும். இந்த வயசில் எவன் வேலை தருவான் என்று கேட்டானே நம் பையன் விஜயபாஸ்கர், அவனிடம் குளிர் தாங்காமல் நானே விட்டு வந்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மாரப்பன், கைநாட்டு