துடைப்ப ஈர்க்கில் ஒரு விவாகரத்து

அன்புள்ள மகன் ஆனந்தனுக்கு,

திருக்கழுக்குன்றத்திலிருந்து அம்மா எழுதுவது. நான் நலம், உன் மகள் சிநேகா நலம், நீ அத்துவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் உன் மனைவி விஜயகுமாரியும் உன் புண்ணியத்தில் நலம். ஷார்ஜாவில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், புது மாப்பிள்ளைக்கு என்ன குறை. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் மணியின் கையில் அதிரசத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அதிரசத்தை முதலில் தின்றுவிடு, இதைப் படித்த பிறகு தொண்டையில் இறங்காது.

போன மாதம் உன் தாய்மாமன் துரை இங்கே வந்து நடத்திய கூத்தை நீ வீடியோவில் பார்த்தாய், பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துக்கொண்டால் துரும்பைக் கிள்ளிப்போட்டு அத்துவிடுவது நம் பக்கத்தில் அந்தக் காலத்து வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விஜயா அந்த நேரம் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலையில் இருந்தாள், அவளுக்கு விஷயமே தெரியாது. அவள் பக்கத்தில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வைக்கோல் துரும்பு தேடினால் தெருவில் ஒரு மாட்டுக் கொட்டகையும் மிச்சமில்லை. மாமா யோசித்துப் பார்த்துவிட்டு என் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் நீ இருந்தாய், அதனால் உன் நுனியையும் அவரே பிடித்து, அவள் நுனியையும் அவரே பிடித்து, படக்கென்று உடைத்து, "அவ்ளோதாங்க்கா, அத்து வுட்டாச்சி, உம் புள்ள இனிமே ஃப்ரீ" என்று சொல்லிவிட்டு நாஸ்தாவுக்கு உட்கார்ந்துவிட்டார். நீயும் அங்கிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். வீடு பெருக்குகிற சாமானில் கல்யாணத்தையும் பெருக்கித் தள்ளியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் விஜயா வந்ததும் சொன்னேன். அவள் அழுவாள், நானும் கூட அழலாம் என்று இருந்தேன். அவளோ பையைக்கூட இறக்காமல் நின்று, "இன்னாத்த இது, அந்த குச்சியில ஒரு மொனையயாவது எங்கையில குடுத்துட்டு ஒடைச்சிருக்கலாம்ல" என்று கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது ஆனந்தா. அந்தச் சனிக்கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். ஷபானா என்று ஒரு வக்கீல் அம்மா, நிதானமாகப் பேசுகிறார். நீ எனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பிய சந்தேகங்களை எல்லாம் ஒன்று விடாமல் அவரிடம் கேட்டேன், பிள்ளைக்காக ஒரு தாய் இதுகூடச் செய்யமாட்டாளா.

ஈர்க்கு உடைத்ததைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சில ஜாதிகளில் பழைய வழக்கப்படி அத்துவிடுவதைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறதாம், ஆனால் அப்படி ஒரு வழக்கம் இன்றுவரை இருக்கிறதென்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டுமாம். "கட்டிகினவங்களே இல்லாம மாமா ஒருத்தரே ரெண்டு பக்கமும் புடிச்சி ஒடைக்கிற வழக்கம் எந்த ஊர்லயும் கெடையாதும்மா" என்றார். ஆகவே நீ இன்னும் ஃப்ரீ இல்லை. இந்த நிலையில் தையில் வந்து இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டினால் அது கல்யாணமே ஆகாதாம், குற்றமாம், விஜயா புகார் கொடுத்தால் ஜெயிலாம். பத்திரிகையில் சுபமுகூர்த்தம் போடுவதா ஜாமீன் தேதி போடுவதா என்று மாமாவையே கேட்டுக்கொள்.

நீயாகத் தனியே கேஸ் போடலாமே என்று கேட்டேன். போடலாமாம், ஆனால் காரணம் வேண்டுமாம். அவள் வேலைக்குப் போகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள் என்பதை எல்லாம் கொடுமை என்று எழுத முடியாதாம். காரணமில்லாமல் விட்டுவிட்டுப் போவதும் ஒரு காரணம்தானாம், ஆனால் விட்டுவிட்டுப் போனவர் யார் என்று கேட்டார், நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வேலை போய்விட்டது என்று சொன்னால் ஜீவனாம்சம் கொடுக்காமல் தப்பலாமா என்ற உன் அருமையான கேள்வியையும் கேட்டேன். விஜயா சம்பாதிப்பதைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம், ஆனால் பிள்ளையின் செலவிலிருந்து அப்பன் நழுவ முடியாதாம். புதுக் காரில் சாய்ந்து நிற்கும் படத்தை நீயே ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாய், அதையும் விஜயா போனில் காட்டினாள். அவள் வீட்டில் போட்ட நகை அவளுடையது, அதில் பேச்சே இல்லையாம். அவளை வீட்டை விட்டு அனுப்பு என்று எனக்கு உத்தரவு போட்டாயே, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் அவளை வெளியேற்ற முடியாதாம். அது போக, வீடு என் பேரில் இருக்கிறது என்பது உனக்கு மறந்துவிட்டது. பாப்பாவை நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறாய். கோர்ட் பார்ப்பது குழந்தைக்கு எது நல்லது என்பதை மட்டும்தானாம், குழந்தையையும் கேட்பார்களாம். உன்னை அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் யூகேஜி என்று சொல்லிவிடாதே, மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்து மனுப் போடுவது. ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டுமாம், அதில் உனக்குக் குறையே இல்லை. போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்களாம், சில சமயம் ஜட்ஜ் அதைக் குறைப்பாராம். இவள் எங்கே சம்மதிக்கப்போகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், எப்படியோ குடும்பம் ஒட்டிக்கொள்ளாதா என்ற நப்பாசை. விஜயா யோசிக்கக்கூட இல்லை. "போட்டுடலாம் மேடம், வேணான்னு சொல்றவர புடிச்சிகினு இன்னா பண்ணப் போறேன்" என்றாள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

உங்கள் வீட்டுக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் சொல்லுங்கள் என்று வக்கீல் எழுத உட்கார்ந்தார். பாப்பா என்னிடம் இருக்கட்டும், அவள் படிப்புச் செலவை அவர் பார்க்கட்டும் என்றாள் விஜயா. வேறே என்று கேட்டதற்கு, "எங்கத்தய எனக்கே குடுத்துட சொல்லுங்க மேடம்" என்றாள். ஷபானா அம்மா சிரித்துவிட்டார். குழந்தைக்குத்தான் கஸ்டடி இருக்கிறது, மாமியாருக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார். நான் சிரிக்கவில்லை ஆனந்தா. உன் அப்பா போன பிறகு என்னை வேண்டும் என்று ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

நீயும் நீ கட்டப்போகிறவளும் தீர்க்காயுசாக இருங்கள், வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, மனசோடு சொல்கிறேன். ஆனால் நீ இன்னும் ஒருத்தியின் புருஷன் என்பதை முதலில் அந்தப் பெண்ணிடம் சொல், அவளையும் ஒருத்தி பெற்றிருக்கிறாள். மனுவில் கையெழுத்துப் போட நீயே வந்து சேர், உனக்குப் பதிலாக மாமாவை அனுப்பாதே. வந்தால் நம் வீட்டிலேயே சாப்பிடலாம், விஜயாவிடம் நான் கேட்டு வைக்கிறேன். சட்டத்தில் இடமில்லாவிட்டால் போகட்டும், நான் அவளுக்கே என்று எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும்
விஜயகுமாரிக்குப் பாத்தியப்பட்டவளுமான
செங்கம்மாள்