அப்பா ஏற முடியாத பிக்கப்

செப்டம்பர் 6, புதன்

அப்பா இன்னிக்கு டயாலிசிஸ் போகல. கவுன்ட்டி ஆபீஸ் வேன் வாசல்ல வந்து ஹாரன் அடிச்சுது. டிவி சத்தத்த ஏத்தி வச்சுட்டு, "நான் வீட்ல இல்லன்னு சொல்லு!"ன்னு கத்துறார். தெருவே கேட்டுச்சு. வேன் ஓட்டுற பொம்பளைக்குக் கேக்காதா?

சர்க்கரையில ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழ போயி நாலு மாசம். கிட்னி அதுக்கு முன்னாடியே அவுட். வாரத்துக்கு மூணு வாட்டி ரத்தத்தச் சுத்தம் பண்ணலன்னா ஆள் காலி. இத்தன நாளா அம்மாதான் அந்தச் சின்னக் கார்ல மடக்கி மடக்கி ஏத்தி எறக்கினாங்க. போன வாரம் அவங்க இடுப்பே புடிச்சுக்கிச்சு. அதான் இந்த வேனுக்குச் சொன்னோம்.

"கார்லண்ட் டக்கர் வேன்ல போறானா? ஓக்லஹோமாவே சிரிக்கும்"ங்கறார்.

"சவ வண்டி கூட வேன்தான்பா. அதுல போறப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க."

அம்மா முறைச்சாங்க. அப்பா சிரிச்சார். ஆனா போகல.

செப்டம்பர் 7

பிக்கப்ல, அந்தப் பின்தொட்டி வச்ச லாரியில, ஏத்துனா வர்றாராம். எப்படி ஏத்துறது? அவரே வண்டிய ஆறு இஞ்சு தூக்கி, டிராக்டர் மாதிரி டயரு மாட்டி வச்சிருக்கார். சீட்டு என் நெஞ்சு உசரம். அம்மா அஞ்சடி கூட இல்ல, அவங்களுக்கே ஏணி வேணும். ஓட்டுறதாவது!

அது இப்ப என் வண்டி. காலேஜ பாதியில விட்டுட்டு வந்தவளுக்குப் பொறந்தநாள் பரிசா என் பேருக்கு மாத்திக் குடுத்தார். "எங்கயாவது போயி உருப்படு"ன்னு. வயோமிங்ல மாட்டுப் பண்ணைக்கு வேலி போடுற வேலை. சொந்த பிக்கப் இருக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன். அக்டோபர் ரெண்டாம் தேதி சேரணும்.

இந்த ஊர்ல ஒரு கடை, ஒரு சர்ச்சு, ஒரு சிக்னல். அந்த சிக்னலும் மஞ்சள்லயே மின்னிக்கிட்டு இருக்கும். எனக்குக் கால் நிக்கமாட்டேங்குது.

செப்டம்பர் 8

இன்னிக்கும் போகல. கை வீங்கியிருக்கு. கேட்டா உப்பு ஜாஸ்திங்கறார்.

செப்டம்பர் 9, சனி

எழுதவா வேணாமா? சரி.

அப்பாவோட வேட்டைக் கூட்டாளி டெல்பர்ட் வந்தார். சுட்ட மானத் தொங்கவிட்டுத் தோலுரிக்க பிக்கப்ல மாட்டுவாங்களே, கையால சுத்துற ராட்டினம் வச்ச இரும்புக் கை, அதத் தூக்கிட்டு வந்துட்டார். பின்தொட்டி மூலையில, கதவுப் பக்கமா வெல்டு வச்சோம். வெல்டு நான்தான் வச்சேன். நல்லா வச்சேன்.

"டேய் கார்லண்ட், மூணு மானத் தூக்குன கம்பிடா இது."

"அதுங்க செத்துப்போனதுங்கடா. எனக்கு இன்னும் வாய் இருக்கு."

இடுப்புக்கும் தொடைக்கும் பட்டை கட்டி நான் சுத்துனேன். ஏறுனார், ஏறுனார், சீட்டுக்கு ஒரு ஜாண் கீழ ராட்டினம் சிக்கிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. அப்பா அந்தரத்துல மெதுவா சுத்துறார். ரோட்டுல போற பிக்கப்காரனெல்லாம் வழக்கம்போல ஸ்டீரிங்ல இருந்து ஒரு விரலத் தூக்கி வணக்கம் வச்சுட்டுப் போறான். அப்பாவும் தொங்கிக்கிட்டே விரலத் தூக்குறார்! டெல்பர்ட் சிரிச்சு சிரிச்சு தரையில உக்காந்துட்டார். எனக்கும் சிரிப்பு. அப்பறம்தான் அப்பா மூஞ்சியப் பாத்தேன்.

எப்படியோ சக்கர நாற்காலியில எறக்குனதும் ஒரே வார்த்த. "உள்ள தள்ளிட்டுப் போ."

செப்டம்பர் 11, திங்கள்

வேன் வந்துச்சு. போச்சு.

செப்டம்பர் 12

ஆம்புலன்ஸ். அப்பாவுக்கு நெஞ்சு வரைக்கும் தண்ணி. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் என்கிட்ட சொல்றா, அம்மாகிட்ட சொல்லல. ஏன் என்கிட்ட? நான் என்ன பண்ணேன்?

ஆம்புலன்ஸும் வேன்தானேப்பா. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

செப்டம்பர் 14

அப்பா தூங்குறார். அம்மாவும் நானும் கேன்டீன்ல. பன்னு மாதிரி பிஸ்கட்டும் கிரேவியும் ஆறிப்போச்சு.

"ரே, நீ வயோமிங்குக்குப் போ. நாங்க எப்படியோ பாத்துக்கறோம்"னாங்க.

எப்படி? அந்த எப்படிய மட்டும் சொல்லவே இல்ல.

செப்டம்பர் 16, சனி

காலையில பிக்கப்ப விக்கறதா நெட்ல போட்டோ போட்டேன். காபி ஆறல, பதினோரு பேர் கேட்டுட்டானுங்க. எட்டு வருஷப் பழசு, கதவுல பெயின்ட் உரிஞ்சது, அதுக்கு அடிச்சுக்கிறானுங்க! ரெண்டு பேரு வாசல்லயே சண்ட. இருபத்தெட்டாயிரம் டாலர், கையில. இந்த ஊர்ல வீடு விக்க ரெண்டு வருஷம் ஆகும். பிக்கப்புக்கு ஒரு மணி நேரம்.

வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் பாக்கல. உள்ள போயி பாத்திரம் கழுவினேன். சுத்தமா இருந்த பாத்திரத்த.

செப்டம்பர் 18

டல்சா சிட்டிக்கு வேன் பாக்கப் போனோம். சாதா வேன் வரிசையா நிக்குது, நாய் கூட சீண்டல, விலையும் பாதிதான். ஆனா சக்கர நாற்காலி ஏற சரிவுப்பலகை வேணும்னு சொல்லு, முப்பத்திமூணாயிரம்! என் பிக்கப்ப விட ஜாஸ்தி ஓடின வண்டி. பலகைக்கா இந்தக் காசு? "வேற வழியில்லாதவங்கதான வாங்குறாங்க, அதான் விலை"ன்னு சேல்ஸ்மேன் வாய்விட்டே சொல்லிட்டான். அடிக்கணும்போல இருந்துச்சு. ஆனா பொய் சொல்லலையே அவன். நான் வயோமிங்குக்குச் சேத்து வச்சதும் போச்சு.

செப்டம்பர் 19

வேலிக்காரனுக்குப் போன் பண்ணேன். "பிக்கப் இல்லையா? அப்ப சரி, குட்லக்"னான். முழுசா ஒரு நிமிஷம் கூட பேசல.

செப்டம்பர் 20, புதன்

அப்பா வீட்டுக்கு வந்தார். வாசல்ல வேன். பாத்தார். என்னப் பாத்தார். திரும்ப வேனப் பாத்தார்.

"ஏன்டீ?"

"என் வண்டி. வித்தேன்."

"நான் உன்னக் கேட்டனா?"

"இல்ல. கேட்டிருந்தா இவ்வளவு லேட் ஆயிருக்காது."

திட்டுவார்னு பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். அவர் தோளு ஆடுச்சு. நான் உள்ள வந்துட்டேன். எனக்கும் இதெல்லாம் வராது.

செப்டம்பர் 22

போனார். திட்டிக்கிட்டேதான். ஆனா போனார். நான் ஓட்டுனேன்.

அக்டோபர் 13

இன்னிக்கு நான் எந்திரிக்கும்போது வீடு காலி. அம்மாவே வேன எடுத்து அவர டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க! சீட்ட முன்னாடி இழுத்து, முதுகுக்குத் தலகாணி வச்சு, நாப்பது மைல், தனியா. பலகை தானா எறங்குது, இடுப்புக்கும் வேலையில்ல.

வாசல்ல நின்னேன். ரெண்டு பேரும் இல்ல. என்ன யாரும் தேடல. நல்லாதான் இருந்துச்சு. கொஞ்சம் வலிச்சுது. அப்பறம் வேலை தேட உக்காந்தேன்.

நவம்பர் 15, கேஸ்பர், வயோமிங்

கரண்ட் எடுக்கற காத்தாடித் தூண் ரிப்பேர் வேலை. பஸ்ல வந்து ஒரு வாரம் ஆச்சு. கம்பெனியே வண்டி குடுக்குது. காலையில சாவி போட்ட டப்பாவ வச்சதும் பசங்க பாஞ்சு பிக்கப் சாவியெல்லாம் புடுங்கிட்டானுங்க. மிச்சம் ஒண்ணு. வேன். புதுசா வந்தவ, பொம்பள வேற. கெக்கெக்கேன்னு சிரிப்பு.

வெளிய பனி. டூல்ஸெல்லாம் வேனுக்குள்ள நனையாம காஞ்சு கெடக்கு. மத்தியானம் அதே பசங்க நாலு பேரு சாப்பாட்டு டப்பாவோட வந்து கதவத் தட்டுறானுங்க. "ரே, கொஞ்சம் எடம் குடேன்."

சாயங்காலம் அப்பா போன். டயாலிசிஸ்ல இருந்து திரும்பற வழி. பின்னாடி அம்மா, "கார்லண்ட், வாய மூடிட்டு உக்காரு, நான் ஓட்டறேன்ல!"

"என்ன வண்டி குடுத்தாங்க?"ன்னார்.

பொய் சொல்லலாம்னு நெனச்சேன். "வேன்."

"ரிவர்ஸ் எடுக்கும்போது எறங்கிப் பாத்துட்டு எடு, புள்ள. பின்னாடி ஒண்ணும் தெரியாது. உங்கம்மா நேத்து தபால் பெட்டியச் சாச்சுட்டா."