நைனா அறுத்த பெல்ட்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

ஜீப்பில் ரேஸ் சீட் இரண்டையும் இன்று பொருத்தி முடித்தோம். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று வரும் பெல்ட்டை நானே போல்ட் போட்டு முறுக்கினேன். முதல் சவாரிக்குப் பக்கத்து சீட்டில் நைனாவை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி இறுக்கினேன். எப்படிக் கழற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை.

ஏரிக்கரைச் சேற்றில் வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதைப் பார்த்ததும் நைனா மடியிலிருந்த வலைக் கத்தியை எடுத்துத் தோள் பெல்ட் இரண்டையும் அறுத்துவிட்டார்.

"இன்னா நைனா, அறிவு கீதா உனக்கு? புது பெல்ட்டு!" கரையில் நின்ற கூட்டாளிகள் முன்னால் கத்திவிட்டேன்.

"பயந்துட்டேன்டா. கை தானா போச்சு" என்றார்.

காலில் கயிறு சுற்றி, கவிழ்ந்த படகோடு சித்தப்பா மூழ்கிப் போனது எனக்குத் தெரியாததா?

வீட்டுக்கு வந்ததும் வலை ஊசியில் நைலான் நூல் கோர்த்துப் பெல்ட்டைத் தைக்க உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை தைத்தார். காலால் மிதித்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இத்த உன் சீட்டுல போட்டுக்கோ. அத்தவிட இதான் கெட்டி."

அறுத்துத் தைத்த பெல்ட்டை நம்பக் கூடாது. தூக்கிப் போட வேண்டியதுதான். அதைச் சொல்லாமல், "சரி நைனா" என்று வாங்கிக்கொண்டேன்.

காலையில் வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். அவர் பார்க்க அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.