ஓடையோரப் புளியமரங்களைப் பற்றி விடைத்தாளில் எழுதியது நான்

அனுப்புநர்:
பூவிழி (வயது 17),
தாழங்கொல்லை, காவலூர் அஞ்சல்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொலைநிலைக் கல்வி மையம்,
திருப்பத்தூர்.

பொருள்: இளங்கலை அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு, 'பன்னாட்டு உறவுக் கோட்பாடுகள்' பாடம் – என் அக்கா அபிநயாவின் ஒப்படைப்புத் தாளைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்டது – அதை நீக்கவும், எழுதியவர் யார் என்பதைத் திருத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் 16ஆம் தேதி, எங்கள் ஊர் கலையரசன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவரும் தங்கள் மையத்தில் படிக்கிறார். படத்தில் நான் முதலில் பார்த்தது தாளின் ஓரத்தில் இருந்த புளிக்கறையை. என் கட்டைவிரல் பட்ட இடம் அது. அதன் பிறகுதான் என் கையெழுத்தையும், மேலே சிவப்பு மையில் 'மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, அனைவரும் படிக்கவும்' என்று பாட ஆசிரியர் எழுதியிருந்ததையும் பார்த்தேன்.

2. அந்தத் தாள் அக்காவுடையது. எழுதியது நான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எட்டிக்காட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். விடிவதற்குள் வேன் வந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த ஆண்டு அவருக்கு நேரமில்லை. "நீயே படிச்சி எழுதிடு, நான் கையெழுத்து போட்டுக்கறேன்" என்றார். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். தேர்வுகளை எல்லாம் அவரேதான் எழுதினார். அதில் நான் எதுவும் செய்யவில்லை.

3. கேள்வி இது: நாடுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் இல்லாதபோது, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நாடு செய்வது அடுத்த நாட்டுக்கு ஏன் அச்சத்தைத் தருகிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக. புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுகள் தூர தேசத்துப் போர்கள். அந்த நாடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பாடம் புரிந்தது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

4. எங்கள் ஊருக்கும் எட்டிக்காட்டுக்கும் நடுவே ஓடை. ஓடையோரப் புளியமரங்கள் இரண்டு ஊருக்கும் பொது. பொங்கல் கழிந்து ஒரு நாள் இரு ஊராரும் சேர்ந்து நின்று, மரத்துக்கு மரம் வைக்கோல் பிரி கட்டுவார்கள். பிரி கட்டியவருக்குத்தான் அந்த ஆண்டுக் காய். சென்ற ஆண்டு அந்த நாளுக்கு முன்பே ஐந்து மரங்களில் பிரி இருந்தது. யார் கட்டியது என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரைக் காவல் வைத்தோம். அவர்கள் நான்கு பேரை வைத்தார்கள். நாங்கள் நாய்களைக் கட்டினோம், அவர்கள் முள் வெட்டி அடைத்தார்கள். அதுவரை யாரும் ஒரு காயைக்கூடத் திருடவில்லை. இதைத்தான் விடையில் எழுதினேன்.

5. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்து மரங்களில் பிரி கட்டியவர் எட்டிக்காடு வடிவேலு என்றும் எழுதிவிட்டேன். சுள்ளி பொறுக்கப் போனபோது கண்ணால் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெயர் இல்லாத எடுத்துக்காட்டுக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். திருப்பத்தூருக்குப் போகும் தாள் எங்கள் மலைக்குத் திரும்பி வராது என்றும் நினைத்தேன்.

6. வடிவேலு மாமா என் அக்காவின் மாமனார். தான் கட்டவில்லை என்று கோயில் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். படம் வந்த மறுநாள் ஓடையில் அவரைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள், "இன்னா மாமா, உங்க பேரு பரிட்சையில வந்துகிச்சாமே, எத்தினி மார்க்கு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்று மாலை அவர் அக்காவின் துணிகளையும் புத்தகங்களையும் ஒரே பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். "வூட்டுக்குள்ள இருந்துகினே வூட்ட எழுதி அனுப்பிச்சிருக்கு. இன்னா படிப்பு இது" என்று மட்டும் சொன்னாராம். அக்காவின் கணவர் இளவரசன் திருப்பூரில் வேலை செய்கிறார். அவர் போனை எடுப்பதில்லை.

7. இரண்டு ஊரும் கூடியபோது அக்காவை நிற்க வைத்துக் கேட்டார்கள். அக்கா தலை குனிந்து நின்றார். தான் எழுதவில்லை என்று சொன்னால் மையத்துக்குத் தெரிந்து தாள் ரத்தாகிவிடும் என்று பயந்தார். கூட்டத்துக்கு முன்பே என்னிடம், "நீ கம்முனு இரு. நீதான் எழுதினனு தெரிஞ்சா மூணு வருசமும் போச்சு" என்றிருந்தார். நான் பெண்களோடு உட்கார்ந்து என் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னதால்தான் பேசவில்லை என்று இங்கே எழுதலாம். அது முழு உண்மை இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

8. இருபது நாட்களாக அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்த மனுவை எழுதட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். இரண்டு முறை வேண்டாம் என்றார். நேற்று, "எழுது. தாளு போனா திரும்ப எழுதிக்கலாம். வூடு போனா இன்னா பண்றது" என்றார்.

9. ஆகவே ஐயா அவர்களைப் பணிந்து கேட்பது:

அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும். மாணவர்களின் தாளை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தாளைப் பாராட்டித்தான் போட்டார்கள், அது தெரிகிறது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த விடையை எழுதியவர் அபிநயா அல்ல என்று தங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் தர வேண்டும். அதில் இருப்பது பொய் என்று எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை. அது பொய் இல்லை.

அந்த ஒப்படைப்பை மட்டும் ரத்து செய்து, அக்காவே மீண்டும் எழுத ஒரு வாய்ப்பு தர வேண்டும். அவர் எழுதிய தேர்வுகளைத் தொட வேண்டாம். தண்டனை உண்டு என்றால் அது எனக்கு வரட்டும். ஆனால் நான் தங்கள் மாணவி இல்லை. எனக்கு என்ன தண்டனை தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதியதற்குப் பொறுப்பேற்கும்,
பூவிழி

இடம்: தாழங்கொல்லை
நாள்: 09.03.2025

நகல்: திரு. வடிவேலு, எட்டிக்காடு. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், இன்று காலை அவர் வீட்டு வாசலில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படித்தேன்.