ஒரு தட்டு தட்டினால் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் நலமாகத்தான் இருப்பாய், அடி வாங்கியவளுக்குத்தானே உடம்பு கெடும், அடித்தவனுக்கு என்ன. சனிக்கிழமை மத்தியானம் உன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், உன் மனைவிக்கு நீ கொடுத்த கார்டிலிருந்து நான் வேலை பார்க்கும் கடைக்கு ஒரு கோழியின் விலை போனதாக. அதைப் பார்த்துவிட்டுத்தான் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். அந்தக் கார்டைத் தட்டியது அவள் இல்லை, நான். ஆமாம், அவள் இங்கேதான் வந்திருந்தாள். போன வாரம் நீ போன் போட்டு, அவ அங்க வந்தாளாம்மா என்று கேட்டபோது அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் வரவே இல்லை என்று சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் பச்சைப் பொய். ஏன் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் குறுக்கே குறுக்கே பேசுவாய், உன் குரல் ஏறினால் நான் போனை வைத்துவிடுவேன். காகிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும், அதனால் உட்கார்ந்து படி.

எங்கள் மேனேஜர் இந்த வருடம் எல்லாக் கவுண்டரிலும் கார்டு மெஷின் வைத்துவிட்டு, ரொக்கம் கொடுப்பவர்களைப் பேசிப் பேசிக் கார்டுக்கு மாற்ற வேண்டும், அதுவும் உங்கள் வேலைதான் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், யார் ஏன் ரொக்கம் கொடுக்கிறார்கள் என்று அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ரிட்டையரான வாத்தியார் ஒருவர், கார்டுன்னா செலவானதே தெரியலம்மா, நோட்டு கைய விட்டுப் போனாத்தான் சுருக்குங்குது என்பார். கொத்தனாருக்குக் கூலியே ரொக்கம், அவர் கார்டுக்கு எங்கே போவார். டாக்ஸிக்காரர் மற்றதுக்கெல்லாம் கார்டு, சிகரெட்டுக்கு மட்டும் ரொக்கம், வீட்டம்மாவிடம் அவ்வளவு பயம். இப்படி ஒவ்வொருவரையும் வைத்து நாங்கள் கவுண்டருக்குக் கவுண்டர் சிரிப்போம். செவ்வாய்க்கிழமை தோறும் வரும் ஒரு பெண்ணுக்குச் சில்லறைக்காரி என்று பெயரே வைத்திருந்தோம். உன் மனைவி வயதுதான் இருக்கும். ஒரு பால்பவுடர் டின், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டும் டயப்பர் ஒரு பாக்கெட், வேறு எதுவும் வாங்கமாட்டாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, விரல் நுனி அளவுக்கு மடித்த நோட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பாள். பையில் கார்டு பளபளவென்று இருக்கும், தொடமாட்டாள். சரியான கஞ்சப் பிசினாரி என்று முதலில் சொன்னது நான்தான், தம்பி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பெரிய நோட்டாக நீட்டினாள். என்னிடம் சில்லறை இல்லை, மேனேஜர் வேறு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், வரிசை நீளம். ஒரு தட்டு தட்டினா போதும்மா, சொத்தா போயிடப் போகுது என்று நான்தான் சிரித்துக்கொண்டே மெஷினை அவள் பக்கம் திருப்பினேன். அவள் என்னைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், தட்டிவிட்டாள். தட்டிய மறு நிமிடம் முகம் வெளுத்துவிட்டது. அக்கா, இத ரத்து பண்ணுங்க, கடை பேரோட அவருக்கு மெசேஜ் போயிருக்கும், எங்கம்மாவப் பார்க்கத்தான் இந்தப் பக்கம் வந்தேன்னு தெரிஞ்சா கொன்னுடுவாரு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குப் பின் தெருவில்தான் அவள் அம்மா படுக்கையில் கிடக்கிறாளாம், அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று புருஷன் உத்தரவாம். ரத்து செய்வதற்கு ஒரு படிவம், மேனேஜர் கையெழுத்து, மெஷினில் ஒரு நம்பர், எல்லாம் முடிய இருபது நிமிடம் அவளை நிற்க வைத்தேன். ரத்து செய்தால் அதற்கும் ஒரு மெசேஜ் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையில் ஹெல்மெட்டோடு அவள் புருஷன் உள்ளே வந்தான்.

ஹெல்மெட்டை ஓங்கி வாயிலேயே அடித்தான். இரண்டாவது அடிக்கு அவள் என் கவுண்டர் மேல் விழுந்தாள், முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கித் தூக்கி இடித்தான். பொருள் வைத்தால் ஓடும் பெல்ட் அல்லவா, அது ஓடிக்கொண்டே இருந்தது, அவள் பல் ஒன்று ரத்தத்தோடு என்னை நோக்கி மெதுவாக வந்தது. வரிசையில் பதினைந்து பேர், பாதிப் பேர் கையில் போன், படம் பிடிக்கிறார்கள். என் பொண்டாட்டிய நான் அடிக்கிறேன், நீ யாருடி கேக்குறதுக்கு என்று என் மேலும் கையை ஓங்கினான். பின்னால் நின்றவர் வாங்க வைத்திருந்த கோழி, ஐஸில் கிடந்து கல் மாதிரி இருந்தது, அதன் காலைப் பிடித்து என் பலத்தையெல்லாம் சேர்த்து அவன் காதோடு ஒன்று வைத்தேன். உட்கார்ந்துவிட்டான். இன்னொன்றும் வைத்தேன், அது தேவையே இல்லை, ஆனால் வைத்தேன், மனசுக்கு இதமாக இருந்தது. போலீஸ் வந்து அவனைக் கொண்டு போனார்கள். அவளுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, இப்போது அவள் அம்மா வீட்டில் குழாய் போட்டுக் கஞ்சி குடிக்கிறாள். மேனேஜர் மட்டும், யாரும் வாங்காமல் போன கோழிக்குக் காசு கட்டும்படி என்னை மூன்று வாரமாக நச்சரித்தார். அதைத்தான் சனிக்கிழமை, உன் மனைவி என்னிடம் விட்டுவிட்டுப் போன உன் கார்டில் கட்டினேன்.

அன்றைக்குக் கவுண்டரைத் துடைக்கும்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. போன தடவை வந்திருந்தபோது, அவ ஒரு டீ குடிச்சாக்கூட எனக்கு மெசேஜ் வந்துடும்மா என்று போனைத் தூக்கிக் காட்டினாய். நானும் என் பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப் போனேன், செருப்பால் அடிக்க வேண்டும் என்னை. உடனே கடை போனிலிருந்து உன் மனைவியைக் கூப்பிட்டேன். நல்லா இருக்கேன் அத்தை, நல்லா இருக்கேன் அத்தை என்று மூன்று தடவை சொன்னாள். உன் கையில காசு இருக்கா, கார்டு இல்ல, காசு, என்று கேட்டேன். அப்புறம் அழுகைதான். கார்டை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்து, அதற்கான ரொக்கத்தை அவளிடம் வாங்கித் தலையணை உறைக்குள் சேர்த்திருக்கிறாள், இங்கே வந்து சேர டிக்கெட்டுக்காக. ரெண்டு பேருக்கு மாசம் ஆறு பாட்டில் எண்ணெயா, அதுலயா குளிக்கிற என்று கேட்டு, ஏழு மாதமாக ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடித்திருக்கிறாய். அவள் நாக்கில் படாத எண்ணெய்க்கு. கடைசியாக அந்தப் பாட்டிலாலேயே மணிக்கட்டில் போட்டிருக்கிறாய். இங்கே வந்து இறங்கியபோது அந்தக் கை வீங்கிப் போய் விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டு, எப்படி அடிபட்டது, யார் அடித்தது என்று பேரோடு எழுதி வாங்கியிருக்கிறோம். ஒரு பிரதி அவளிடம், ஒன்று என்னிடம்.

யாரைப் பார்த்துக் கற்றாய் என்று உன்னைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும், அவர் போன பிறகும், அவர் தங்கமானவர் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். அவர் காலத்தில் மெசேஜ் கிடையாது. சாயங்காலம் வந்ததும் உன்னை மடியில் உட்கார வைத்து, அம்மா இன்னைக்கு எங்க போனா, என்ன வாங்கினா, யார்கிட்ட பேசினா என்று கேட்பார். உனக்கு ஆறு வயது, ஒன்று விடாமல் சொல்வாய், கெட்டிக்காரன் என்று கன்னத்தைத் தட்டி மிட்டாய் கொடுப்பார். நீ தூங்கின பிறகு எனக்கு விழும். நான் என் தங்கையைப் பார்த்துவிட்டு வந்ததை நீ சொன்ன அன்றைக்குத்தான் என் புருவம் கிழிந்தது, படிக்கட்டில் விழுந்தேன் என்று சொன்னேனே, அது. உன் மேல் தப்பே இல்லை, குழந்தைக்கு என்ன தெரியும், அதனால்தான் முப்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போது உனக்கு ஆறு வயது இல்லை. ஒரு பெண் எங்கே நிற்கிறாள் என்று இன்னொருவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் அவள் உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், சில்லறைக்காரி என்று நான் பெயர் வைத்த அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை நான்தான் உன் மனைவியைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். என்னிடம் இருந்ததெல்லாம் அவள் பையில் வைத்தேன், எல்லாம் நோட்டு. போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன் அத்தை என்றாள், சொல்லாதே என்றேன். ஊர்ப் பெயரைச் சொல்ல வந்தபோது அவள் வாயைப் பொத்தினேன். டிக்கெட் வாங்க அவள் வரிசையில் நின்றபோது நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, காதையும் அடைத்துக்கொண்டேன். எந்த ஊர், எந்தப் பஸ், எனக்குத் தெரியாது. நீ வருவாய், வந்து கேட்பாய். என் கழுத்தைப் பிடித்து நெரித்துக் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் அப்படி நின்றேன். பெற்ற பிள்ளையை நினைத்து இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டி வந்ததே என்று பஸ் போன பிறகு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நீ நல்லா இருக்கணும், இதை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. யார் மேலும் கை வைக்காமல் நல்லா இரு. கார்டை நான்காக வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றை மறக்காதே, வீட்டுக்கு வராதே, பூட்டை மாற்றிவிட்டேன். என்னைப் பார்க்க வேண்டும் என்றால் பகலில் கடைக்கு வா, மூன்றாவது கவுண்டர். சுற்றிலும் ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் இனிமேல் உன்னைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவத்துக்கும் பாசத்துக்கும் ஆளான
அம்மா