பெரியப்பா கிரீடம் மாற்றி வைத்த நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் ஒப்துலியா அலபாமாவிலிருந்து வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மாதாவின் புண்ணியத்தில் நான் இப்போது நன்றாக இருக்கிறேன்.

"இப்போது" என்றதும் பயந்துவிடாதீர்கள். கோழித் தொழிற்சாலையில் லேசாக மயக்கம் வந்தது. உங்களைப் போல எனக்கும் சர்க்கரையாம். இன்சுலின் போடச் சொன்னார்கள். எவோதியோ பெரியப்பாவின் கண்ணைப் பறித்த ஊசி ஆயிற்றே! வேண்டவே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் துணி துவைக்கப் போகும் சலவைக்கடைக்கு வந்து, நம் ஸ்பானிய மொழியிலேயே நோய்களைப் பற்றி விளக்கும் பிரிகிதா அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"ஏன்டி, உங்க பெரியப்பாவுக்குக் கண்ணு மங்கினது ஊசி போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

என் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில், நம் வழக்கப்படி எனக்கு வைக்க வேண்டிய கிரீடத்தைப் பெரியப்பா என் தங்கச்சி செல்சாவின் தலையில் வைத்தாரே, நினைவிருக்கிறதா? குடிபோதை என்று எல்லோரும் சிரித்தோம். அப்போது அவர் ஒரு ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. இதை அக்காவிடம் சொன்னேன்.

"முதல்ல சரக்கு மேல பழி, அப்புறம் ஊசி மேல பழி. கண்ணைக் கெடுத்த சர்க்கரை மட்டும் தப்பிச்சிருச்சு பாரு!" என்றார் அக்கா.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். மயக்கம் இல்லை. கண்ணும் பளிச்சென்று தெரிகிறது.

அப்பா, உங்களுக்குக் கொடுத்த இன்சுலின் பிரிட்ஜில் பாலாடைக்கட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை செல்சா சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

இங்கே குளிர். உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள்; துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது. நான் ஊரில் வந்து இறங்கும்போது, செல்சா அடையாளம் காட்டாமலே, "ஏன்டி இப்படி இளைச்சுட்டே?" என்று நீங்கள்தான் முதலில் திட்ட வேண்டும்.

ஒப்துலியா