கொட்டாஞ்சேனைப் பிரதி

1998 யூன் 6, சனி
பட்டியல் பதிந்த பிளொப்பித் தட்டைச் செபப்புத்தக உறைக்குள் வைத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். செக்பொயின்ற்றில் பையைக் கிளறினார்கள், செபப்புத்தகத்தைத் தொடவில்லை.

சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களின் பட்டியல் இரண்டு கணினிகளில் இருக்கிறது: கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையில் என்னிடம் ஒன்று, வடக்கே கொட்டாஞ்சேனையில் என்னோடு பட்டியல் சேர்க்கும் புளோறன்ஸிடம் ஒன்று. ஒரு வீட்டில் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனாலும் மற்றதில் பெயர்கள் மிஞ்சும். சனிதோறும் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவது என் பொறுப்பு. வேறுபட்டால் பிந்திய திகதிப் பதிவே நிற்க வேண்டும். அதுதான் பேச்சு.

இன்று சிவபாலன் வேறுபட்டான். வயது 23. என் பிரதியில் வெலிக்கடைச் சிறை, அங்கிருந்து வந்த கடிதம் இருக்கிறது. அவளுடையதில் களுத்துறைச் சிறை, பிந்திய திகதி.

“ஆர் சொன்னது?”

“விடுபட்டு வந்த ஒராள். கோயில் வாசலில கண்டனான்.”

“கடிதம்?”

“மறியலால வாறவை கடிதம் கொண்டு வாறேல்லை, அக்கா.”

கொன்வென்ற்றில் சிஸ்ரர்மார் படிப்பித்தது: கண்ணால் காணாததை எழுதாதே. அவள் தேநீர் போட உள்ளே போனபோது இரண்டு பிரதிகளிலும் வெலிக்கடை என்றே பதிந்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

யூன் 9
சிவபாலனின் தாய் கனகேஸ்வரி கேட்டு வந்தாள். வெலிக்கடை என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

யூன் 13, சனி
புளோறன்ஸ் மறுபடியும் களுத்துறை என்று எழுதி வைத்திருக்கிறாள். மறுபடியும் மாற்றினேன். பிடிவாதக்காரி.

யூன் 16
காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். கதிரையில் இருந்தால் ஏதோ எழும்பச் சொல்கிறது. காரணம் ஒன்றுமில்லை.

யூன் 18, வியாழன்
கனகேஸ்வரி சாப்பாட்டுக் கரியரோடு வந்தாள். திறக்கப்படவே இல்லை.

“அப்பிடி ஒராள் வெலிக்கடையில இல்லையாம், அம்மா. போன வியாழனும் இதைத்தான் சொன்னவங்கள். பிள்ளையை என்ன செய்தாங்களோ.”

களுத்துறைப் பதிவைத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? அழித்தது நான்தானே. இரண்டு இடத்திலும்.

புளோறன்ஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். “அந்தக் களுத்துறை விசயம்—”

“நீங்கள் அழிப்பியள் எண்டு தெரியும். கொப்பியிலயும் எழுதி வைச்சனான்.” கொப்பி புரட்டும் சத்தம் கேட்டது. “திங்கள் கோட்டில வழக்குத் தவணை, அக்கா. அதையும் பட்டியலில போட்டிருந்தனான்.”

நான் அந்த வரியை முழுதாக வாசிக்கக்கூட இல்லை.

யூன் 22, திங்கள்
புளோறன்ஸ் சொல்லித் தாய் மகனைக் கண்டுவிட்டாள். களுத்துறையில். இன்றைய தவணையில் பிணை இல்லை; இன்னும் மூன்று மாதம் மறியல். வழக்கறிஞர் இராஜநாயகம் மரியாதையாகத்தான் சொன்னார்: “ஒரு கிழமை முந்தித் தெரிஞ்சிருந்தா வேலைத்தலக் கடிதம் எடுத்துப் பிணை கேட்டிருப்பன், மிஸிஸ்.”

கனகேஸ்வரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கரியரை எடுத்துக்கொண்டு போனாள்.

யூன் 27, சனி
மூன்று பதிவுகள் வேறுபட்டன. திகதி பார்த்தேன். மூன்றிலும் புளோறன்ஸ் எழுதியதே நிற்கிறது. ஒன்றுக்கும் கடிதம் இல்லை.

நான் போனபோது கனகேஸ்வரி புளோறன்ஸ் வீட்டில் இருந்தாள். என் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு அவளுடையது. மகனைப் பற்றிக் கேட்க இப்போது பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறாள்.